நம்ம பக்கம் டிவின்னாலே முதல்ல இலங்கை டிவிதானே? கூடவே பழைய கேசட் பெட்டி ஒண்ணு கிடைச்சிருக்கு, என்ன பண்றது?

வளவுக்காரன் (கானாடுகாத்தான், இப்ப சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு விஷயம் கேக்கணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுதான், அதனால ஒரே இடத்துல போடுறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் எண்பதுகள்ல சின்னப் பிள்ளையா இருந்தவங்க முதமுதல்ல டிவில பாத்தது இலங்கையோட ரூபவாகினியா இல்ல நம்ம தூர்தர்ஷனா? எங்க வீட்ல படைப்புக்கு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது) எல்லாரும் ஊர்ல கூடுனப்ப இதே பேச்சு பெரிய வாக்குவாதம் ஆயிருச்சு. பங்காளி வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ராமாயணம்தான் முதல்ல பாத்தோம்னு அடிச்சு சொல்றாங்க. எனக்கு அப்படி இல்ல. பெரியப்பா சிங்கப்பூர்லேருந்து வரும்போது ஒரு டிவி கொண்டாந்தாக, மரப்பெட்டிக்குள்ள இருக்கும், முன்னாடி இழுத்து மூடுற கதவு, அதுக்கு ஒரு பூட்டு வேற. அதை வளவுப் பத்தில (முத்தத்தைச் சுத்தி உள்ள தாழ்வாரம்) வச்சு முதல்ல போட்டப்ப வந்தது ஏதோ ஒரு பூனைக் கார்ட்டூன், பேச்சு பூரா சிங்களம், ஒரு வார்த்தை புரியாது. ஆனா நாங்க அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மெட்ராஸ்ல தூர்தர்ஷன் 1975லயே வந்தாச்சு, ரூபவாகினி 1982லதான் ஆரம்பிச்சது, அப்படி இருந்தும் நம்ம ஊருக்கு மெட்ராஸ் வராம இலங்கை எப்படி முந்திக்கிட்டு வந்துச்சு? இதுக்கு விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, பங்காளிககிட்ட காட்டணும்.

ராமாயணமும் நல்லா ஞாபகம் இருக்கு. 1987 ஜனவரி கடைசில ஆரம்பிச்சது, ஞாயித்துக்கிழமை காலைல. எங்க அப்பத்தா குளிச்சு திருநீறு பூசிட்டு வந்துதான் டிவி முன்னாடி உக்காருவாக, ராமர் வந்தா கும்பிடுவாக. ஹிந்தில யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா புரட்டாசில நம்ம வீடுகள்ல ராமாயணம் படிப்பாங்கள்ல, அதைக் கேட்டுக் கேட்டு அப்பத்தாவுக்கு முழுக்கதையும் மனப்பாடம். திரையில கைகேயி வாயத் தொறக்கும் முன்னாடியே இவுக "இப்ப வரம் கேப்பா பாரு"ன்னு ஆரம்பிச்சிருவாக. நாங்க கேட்டது அப்பத்தா சொன்ன ராமாயணம், பாத்தது மட்டும்தான் டிவில. அது ஒரு தனி சொகம். இன்னைக்கு என் பிள்ளைங்க சப்டைட்டில் போட்டு எந்த நாட்டுப் படத்தையும் பாக்குதுங்க, அது நல்லதுதான், ஆனா பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கதை சொல்லிக்கிட்டே வர்றது வேற.

அப்பறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சினிமாப் பாட்டு போடுற ஒளியும் ஒலியும். அதுக்கு முன்னாடி விவசாய நிகழ்ச்சி வயலும் வாழ்வும் ஓடும்போது கூட யாரும் எந்திரிக்க மாட்டோம், எந்திரிச்சா எடம் போயிரும். தரையில ஆத்தங்குடிக் கல்லு, வெயில் காலத்துலயும் சில்லுன்னு இருக்கும், அதுல வரிசையா உக்காந்து ஒரு தூக்குச்சட்டி நெறைய சீப்புச்சீடையை வச்சுக்கிட்டு மென்னுக்கிட்டே இருப்போம், பாட்டு நடுவுல கடக்கு முடக்குன்னு சத்தம் கேட்டா அப்பச்சி திரும்பி ஒரு பார்வை பாப்பாக, உடனே எல்லாரும் வாய்க்குள்ளயே ஊற வச்சு முழுங்குவோம். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" போட்டா அதையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

இப்ப ரெண்டாவது விஷயம். படைப்புக்காக வீட்டைச் சுத்தம் பண்ணப்ப ரெண்டாங்கட்டு மேல ரூம்புல ஒரு பழைய பிஸ்கட் டின்னுப் பெட்டி நெறைய விஎச்எஸ் கேசட் கிடைச்சுது. பெரியப்பா டெக்குல (விசிஆர்) டிவியை ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்திருக்காக. மேல அவுக கையெழுத்து, "ஒளியும் ஒலியும்", "பாரதம் கடைசி", "ஞாயிறு படம், பாதி"ன்னு எழுதி இருக்கு. பாதின்னு ஏன் எழுதுனாகன்னு தெரியல, கரண்டு போயிருக்கும்னு நெனைக்கிறேன். சில கேசட்டுல கண்ணாடி வழியா பாத்தா உள்ள வெள்ளையா பூத்துப் போய் இருக்கு. இதை ஓட்டிப் பாக்கலாமா? கம்ப்யூட்டருக்கு மாத்த முடியுமா? பெரியப்பா இப்ப இல்ல. அவுக எடுத்து வச்சதை வீணாக்க மனசு வரல.

உங்க வீட்டுக் கதையையும் எழுதுங்க. எந்த வருஷம் டிவி வந்துச்சு, என்ன பாத்தீங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்த அந்த நாளு உங்களுக்கும் அப்படியே இருக்கான்னு தெரிஞ்சுக்க ஆசை.

ரேடியோக்கடை (தேவகோட்டை)

தம்பி, நீங்க சொல்றதுதான் சரி. உங்க பங்காளிக வீட்ல டிவி கொஞ்சம் பிந்தி வந்திருக்கும், அதான் அவுகளுக்கு ராமாயணம் முதல்ல தெரியுது. நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பாத்தே பொழச்சவன், நம்ம சுத்துப்பட்டுல எத்தனையோ வீட்டு மாடில ஆன்டெனா கட்டிருக்கேன், அதனால இந்த விஷயத்தை நான் சொல்லலாம்.

மெட்ராஸ் டவர் நமக்கு எட்டாது. நடுவுல அத்தனை ஊரு, மேடு, பூமியோட வளைவு வேற. இலங்கைல ரூபவாகினிக்கு டவரை வச்சது பிதுருதாலகாலா மலை உச்சியில, அதுதான் அந்த நாட்டுலயே பெரிய மலை, 2500 மீட்டருக்கு மேல உயரம். அங்கேருந்து காரைக்குடிக்கு நேர்கோட்டுல சுமார் 400 கிலோமீட்டர் இருக்கும். தூரம் ஜாஸ்திதான், ஆனா வழியில பெரும்பகுதி சமவெளியும் கடலும், மறைக்க ஒண்ணும் இல்ல. அதுலயும் பங்குனி சித்திரை வெக்கையில காத்து அசையாம கிடக்கும்ல, அப்ப கடல் மேல கீழ்க்காத்து ஈரமா குளிர்ச்சியாவும் அதுக்கு மேல உள்ள காத்து சூடாவும் ஒரு அடுக்கு மாதிரி நிக்கும். அந்த அடுக்குக்குள்ள அலை மாட்டிக்கிட்டா வளைஞ்சு வளைஞ்சு ரொம்ப தூரம் வந்துரும். அதனாலதான் கோடையில ராத்திரி ஆக ஆக படம் கண்ணாடி மாதிரி தெரியும், ஐப்பசி மழையில வெறும் புள்ளியா கொட்டும். பழைய ஆளுக ஞாபகப்படுத்திப் பாருங்க, முழுப்பரீட்சை லீவுலதான் ரூபவாகினி நல்லா வந்திருக்கும்.

அப்ப நம்ம வீடுக எல்லாம் நாட்டு ஓடு, மேல கால் வச்சா நொறுங்கிரும். மொட்டமாடிச் சுவத்துல கிளாம்பு அடிச்சு, ஜிஐ பைப்பை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்து, உச்சியில பூஸ்டர் வச்சு, பட்டை வயரைக் கீழ கொண்டாந்து பொருத்தணும். ஆன்டெனா மூஞ்சி தென்கிழக்க பாக்கணும். ஒரு ஆள் மேல பைப்பைத் திருக, ஒரு ஆள் முத்தத்துல நிக்க, ஒரு ஆள் டிவிகிட்ட நிக்க, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம், ஆங் போச்சு, பழையபடி திருப்பு"ன்னு கத்துற சத்தம் தெரு பூரா கேக்கும். கொடைக்கானல் டவர் வந்தப்பறம் நம்ம தூர்தர்ஷன் தெளிவா கிடைச்சுது, அது நமக்கு மேற்க, நேர்கோட்டுல ஒரு 140 கிலோமீட்டர்தான். அதனால நம்ம பக்கத்து வீடுகள்ல ரொம்ப நாளைக்கு ஒரே பைப்புல ரெண்டு ஆன்டெனா இருக்கும், ஒண்ணு மேற்க பாத்து, ஒண்ணு தென்கிழக்க பாத்து. வேற ஜில்லாக்காரன் பாத்தா ஏன்னு கேப்பான்.

இன்னொண்ணு, உங்க பெரியப்பா கொண்டாந்த சிங்கப்பூர் செட்டு நம்ம ஊர்ல ஒழுங்கா வேலை செஞ்சதுக்கும் காரணம் இருக்கு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூணும் டிவி படத்தை அனுப்புறதுக்கு ஒரே பால் (PAL) சிஸ்டம். அமெரிக்காவுலேருந்து ஆசையா தூக்கிட்டு வந்தவுக வீட்ல படம் உருண்டுக்கிட்டே கிடக்கும், என்கிட்ட கொண்டாந்து "புது செட்டு, என்ன கோளாறுன்னு பாருங்க"ம்பாக. செட்டுல ஒரு கோளாறும் இருக்காது, அந்த நாட்டு சிஸ்டம் வேற.

கேசட்டைப் பத்தி தனியா எழுதுறேன், அது வரைக்கும் எதையும் மெஷின்ல போட்றாதீங்க.

கோயில்வாசல்

எங்க ஊருல டிவியெல்லாம் அப்பறம்தான், முதல்ல வந்தது வாடகை டெக்கு. அம்மன் கோயில் திருவிழா காப்புக் கட்டுனா ஒரு நாள் கண்டிப்பா ராத்திரி பூரா படம். சாயங்காலமே பாயை விரிச்சு எடம் பிடிச்சிருவோம். முத படம் சாமி படம், ரெண்டாவது எம்ஜிஆர் இல்லாட்டி சிவாஜி, மூணாவதுதான் புதுப்படம், அதுக்குள்ள சின்னப்பிள்ளைக பூரா தூங்கிரும். புதுப்படத்தோட கிளைமாக்ஸ் எனக்கு ஒண்ணு கூட தெரியாது, இப்ப ஒவ்வொண்ணா தேடிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஜன்னலோரம்

வளவுக்காரன் அண்ணே, நீங்க எழுதுனது படிக்க ரொம்ப நல்லா இருந்துச்சு, அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுலயே ஒரு விஷயம் சேத்துச் சொல்லணும்னு தோணுச்சு.

எங்க அம்மா ஒரு செட்டியார் வீட்ல வேலை பாத்தாங்க, பாத்திரம் தேய்க்க, வளவு கூட்ட. ஊர் பேரு வேணாம். வெள்ளிக்கிழமை அம்மா கூடவே நானும் போயிருவேன். உங்க பத்தில ஆத்தங்குடிக் கல்லு சில்லுன்னு இருந்துச்சுன்னு எழுதிருக்கீங்க, நாங்க அந்தக் கல்லுல உக்காந்ததில்ல. எங்களுக்கு எடம் வெளிய, சன்னல்கிட்ட. தெருப்பிள்ளைங்க நாலஞ்சு பேரு சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம், சின்னவனா இருந்தா அண்ணன் தோள் மேல. அந்த வீட்டு ஆச்சி நல்லவுகதான், சன்னலை ஒரு நாளும் சாத்துனதில்ல, பலகாரம் சுட்டா எங்களுக்கும் ஒரு தட்டு சன்னல் வழியா வரும். ஆனா உள்ள வந்து உக்காருன்னு யாரும் சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தோம்னு இப்ப நெறைய பேரு எழுதுறாங்க, படிக்கிறப்ப எல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் ஞாபகம் வரும், கையில துருவாடை ரெண்டு நாளைக்குப் போகாது.

நாங்க நின்ன எடத்துலேருந்து ஒரு தேக்குத்தூண் மறைக்கும். அதனால எனக்கு டிவியோட இடது பாதிதான் தெரியும். பாட்டுல கதாநாயகன் இடது பக்கம் ஓடி வந்தா தெரிவான், வலது பக்கம் போனா காணாமப் போயிருவான். ரொம்ப வருஷம் கழிச்சு செல்போன்ல அதே பாட்டையெல்லாம் போட்டுப் பாத்தேன், பாட்டு ஒவ்வொரு வரியும் தெரியும், ஆனா பாதிப் படம் புதுசு. ஒரு பாட்டுல பின்னாடி ஒரு பெரிய அருவி இருக்கு, நான் அது வரைக்கும் தண்ணிச் சத்தம் பாட்டுல சேத்ததுன்னு நெனச்சிருந்தேன்.

பஞ்சாயத்து டிவியும் எங்க பக்கத்துல வந்துச்சு, ஒரு சின்ன கட்டடம், இரும்புக் கதவு. அதுக்கு முன்னாடி திடல்ல மண்ணுல உக்காந்துதான் நான் முழு டிவியைப் பாத்தேன். மகாபாரதத்தை அங்கதான் பாத்தோம். சாவி யார்கிட்ட இருக்குன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஓடணும், சில வாரம் கதவைத் தொறக்குறதுக்குள்ள பாதி முடிஞ்சிரும், ஆனா யாரும் யாரையும் எந்திரின்னு சொல்ல முடியாது, அதுல ஒரு நிம்மதி. 2006க்கு அப்பறம் அரசாங்கம் இலவச கலர் டிவி குடுத்தப்ப எங்க அம்மா அதுக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, நடுவீட்ல எந்தப் பக்கத்துலேருந்து பாத்தாலும் தெரியுற மாதிரி எடம் பாத்து பாத்து வச்சாங்க. நாதஸ்வரம் சீரியல் நம்ம காரைக்குடிப் பக்கம்தானே எடுத்தாங்க, தெருவும் கோயிலும் வரும்போதெல்லாம் "அந்தா பாரு நம்ம பஸ் ஸ்டாப்பு"ன்னு அம்மா எந்திரிச்சே நிப்பாங்க.

உங்க பெட்டியில அந்த ஒளியும் ஒலியும் கேசட்டு ஓடுனா எனக்கு ஒரு காப்பி வேணும் அண்ணே. நடுவுல வர்ற செய்தி, விளம்பரம், அறிவிப்பு பண்ற அக்கா எல்லாம் சேத்து வெட்டாம வேணும். பாட்டு யூடியூப்ல கிடைக்குது, அந்த சாயங்காலம் முழுசா எங்கயும் கிடைக்கல.

புரவித்திடல்

நான் உங்க எல்லாருக்கும் அடுத்த செட்டு, கேபிள் டிவி காலம். சன் டிவி 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு ஆரம்பிச்சதுன்னு பெரியவங்க சொல்லித்தான் தெரியும், எங்களுக்கு நெனவு தெரிஞ்சப்ப அது வீட்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு. சித்தி சீரியல் பாட்டு கேட்டா எங்க தெருவே காலி, தண்ணி புடிக்க நின்ன குடத்தை அப்படியே விட்டுட்டு ஓடுவாங்க.

ஆனா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான், மர்மதேசம், அதுலயும் விடாது கருப்பு. வேற ஊர்ல இருந்தவங்களுக்கு அது ஒரு நல்ல திகில் சீரியல், அவ்வளவுதான். நம்ம ஊர்ல இருந்தவங்களுக்கு அப்படி இல்ல. ஊர் எல்லையில கருப்பர் இருக்காரு, அருவா நட்டு வச்சிருக்கு, புரவியெடுப்புல (சாமிக்கு மண்குதிரை எடுக்குற திருவிழா) கொண்டாந்து வச்ச மண்குதிரைங்க மழையில கரைஞ்சு காது போயி மூக்கு போயி வரிசையா நிக்குது, ட்யூஷன் முடிஞ்சு சைக்கிள்ல அந்தத் திடலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். சீரியல்ல ராத்திரி குதிரைக் குளம்புச் சத்தம் கேக்கும், மறுநாள் நான் அந்த எடத்துல பெடல் மிதிக்காம சைக்கிளை உருட்ட விட்டு காதைத் தீட்டிக்கிட்டு வருவேன், என் சைக்கிள் செயின் சத்தமே எனக்கு குளம்புச் சத்தமா கேக்கும். எங்க ஐயா சொல்லுவாரு, தப்பு பண்ணாதவனுக்கு கருப்பர் தொணை, எதுக்குடா பயப்படுறன்னு. நான் அன்னைக்குப் பண்ண தப்பை எல்லாம் வரிசையா எண்ணிக்கிட்டே வருவேன்.

போன வருஷம் அதை யூடியூப்ல முழுசா மறுபடியும் பாத்தேன். சில பேரு சொல்றாங்கள்ல, சின்ன வயசுல பாத்ததால நல்லா இருந்துச்சு, இப்ப பாத்தா ஒண்ணும் இருக்காதுன்னு, அதை நான் ஒத்துக்க மாட்டேன். நெஜமாவே நல்லா எடுத்திருக்காங்க. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா டைரக்‌ஷன், ஒரு எபிசோடுல ஒண்ணுமே நடக்காது, ஒரு ஆள் வயக்காட்டு வழியா நடந்து போவாரு, காத்து சத்தம் மட்டும் கேக்கும், ஆனா நமக்கு நெஞ்சு அடிச்சுக்கும். கிராமத்தைக் கிராமமா காட்டுனாங்க, செட்டு போட்ட மாதிரி இல்ல. சாமி உண்டா இல்லையா, ஆள் பண்றதா சாமி பண்றதான்னு ரெண்டு பக்கமும் சமமா இழுத்துக்கிட்டே போவாங்க, பாக்குற சின்னப்பையனை முட்டாளா நெனைக்கல. இப்ப வர்ற சீரியல்ல ஒருத்தர் கன்னத்துல அடிச்சா அதை மூணு தடவ திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க. என் மகனுக்குப் பத்து வயசு, அவன் கூட உக்காந்து பாத்தான், முதல் ரெண்டு எபிசோடு நெளிஞ்சான், மூணாவதுலேருந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ஊருக்கு வந்தப்ப அவனை அந்தத் திடலுக்குக் கூட்டிட்டுப் போய் குதிரையெல்லாம் காட்டுனேன். கருப்பரைக் கும்பிட்டுட்டு "அப்பா, சாயங்காலம் ஆகுறதுக்குள்ள போயிரலாம்"னான்.

ரஸ்தாக்காரர்

டிவி பேச்சுக்கு நடுவுல சினிமாவையும் கொஞ்சம் சொல்லிர்றேன், ஏன்னா நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு சினிமாங்கிறது மெட்ராஸ்ல எங்கயோ நடக்குற சமாச்சாரமா இல்ல, கொஞ்சம் சொந்தக்காரங்க சமாச்சாரம் மாதிரி.

எங்க வீடு தேவகோட்டை ரஸ்தா. ஏவி.மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர்னு எல்லாருக்கும் தெரியும், ஏவிஎம் 1945ல ஆரம்பிச்ச புதுசுல ஸ்டூடியோ ஓடுனதே இங்க ரஸ்தாவுலதான்னு நெறைய பேருக்குத் தெரியாது. யுத்த காலத்துல மெட்ராஸ்ல கரண்டு கிடைக்காத கஷ்டத்துல இங்க வந்து கொட்டகை போட்டு எடுத்தாங்க. 1947 பொங்கலுக்கு வந்த நாம் இருவர் இங்க எடுத்த படம். பாரதியார் பாட்டு, குமாரி கமலா ஆட்டம். எங்க ஐயா அப்ப சின்னப் பையன், ஷூட்டிங் பாக்க வேலிகிட்ட போயி நின்ன கதையை சாகுற வரைக்கும் சொன்னாரு. "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே" ரேடியோவுல வந்தா "இது நம்ம ஊர்ல எடுத்ததுடா"ம்பாரு, சுதந்திரம் வர்றதுக்கு ஏழு மாசம் முந்தியே ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்னு கொட்டகையில பாட்டு கேட்டிருக்கு, அதுவும் நம்ம ரஸ்தாவுலேருந்து போன பாட்டு. நான் படத்தை முழுசா பாத்தது ரொம்ப பிந்தி, ஆனா சின்ன வயசு ஞாபகம்னா எனக்கு முதல்ல வர்றது ஐயா சொன்ன அந்த வேலிதான்.

அடுத்தது எங்க காலம். டைரக்டர் எஸ்.பி.முத்துராமன் காரைக்குடிக்காரர், கதை வசனம் எழுதுன பஞ்சு அருணாசலம் சிறுகூடல்பட்டி, கண்ணதாசனும் அதே ஊரு. ரஜினி, கமல் படத்துல டைட்டில் ஓடும்போது இந்தப் பேரெல்லாம் வந்தா எங்க கொட்டகையில தனியா ஒரு விசில் உண்டு, நடிகருக்கு அடிக்கிற விசில் வேற. 1989ல ராஜா சின்ன ரோஜா வந்தப்ப கார்ட்டூன் மிருகங்களோட ரஜினி ஆடுற பாட்டுக்கு பிள்ளைங்க எல்லாம் பெஞ்சு மேல ஏறி நின்னோம், கீழ இறங்கச் சொல்லி கத்துன டிக்கெட் கிழிக்கிற அண்ணனும் கடைசியில எங்களோட நின்னு பாத்தாரு.

இராம.நாராயணனை மறக்கவே கூடாது. 1989ல நம்ம காரைக்குடித் தொகுதி எம்எல்ஏவும் அவருதான். மறு வருஷம் ஆடி வெள்ளி, துர்கா ரெண்டும் வந்துச்சு. யானை, பாம்பு, குரங்கு, நாயி எல்லாத்தையும் நடிக்க வச்சு, பேபி ஷாமிலியை நடுவுல விட்டு, பெரியவங்க விமர்சனம் பண்ணுவாங்க ஆனா சின்னப்பிள்ளைகளை ஒரு ரசிகரா மதிச்சு படம் எடுத்த ஆள் அவரு. பரீட்சை லீவுல வீட்டு ஆச்சிமார், வேலைக்காரம்மா, பிள்ளைக எல்லாம் சேந்து மேட்னி போவாங்க. ஜன்னலோரம் தங்கச்சி சொன்னதைப் படிச்சப்ப நெனச்சேன், கொட்டகையில காசு குடுத்தா யாரும் எங்கயும் உக்காரலாம், டிவி வீட்டுக்குள்ள வந்தப்பறம்தான் சன்னல்னு ஒண்ணு வந்துச்சு. இதை இது வரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

இப்ப அந்தக் கொட்டகை எல்லாம் கல்யாண மண்டபமும் குடோனும் ஆயிருச்சு. நம்ம வீடுகள்ல சினிமாக்காரங்க வந்து ஷூட்டிங் எடுக்குறாங்க, கானாடுகாத்தான் தெருவைப் படத்துல பாத்தா இப்பவும் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அங்க உக்காந்து படம் பாக்க ஊர்ல பிள்ளைங்க இல்ல.

வளவுக்காரன் (கானாடுகாத்தான், இப்ப சென்னை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரேடியோக்கடை ஐயா எழுதுனதை பங்காளிக குரூப்புல போட்டேன், ரெண்டு ஆன்டெனா இருந்தது இப்பதான் அவுகளுக்கும் ஞாபகம் வருது, எங்க மாடிச் சுவத்துல அந்த கிளாம்பு இன்னும் இருக்குன்னு ஒருத்தன் போட்டோ எடுத்து அனுப்பிட்டான்.

ஜன்னலோரம், நீங்க எழுதுனதை எங்க ஆத்தாகிட்ட போன்ல அப்படியே படிச்சுக் காட்டுனேன். எங்க வீட்டு சன்னல்ல யார் யார் நிப்பாகன்னு ஒவ்வொருத்தரா பேரு சொல்லிட்டு வந்தாக, எனக்கு அதுல ரெண்டு பேரைத்தான் தெரியும். அவுகள்லாம் இப்ப எங்க இருக்காகன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், கேசட்டு ஓடுனா அவுகளுக்கும் காப்பி போகணும்னு ஆத்தா சொல்லிட்டாக. உங்களுக்கு கண்டிப்பா உண்டு, வெட்டாம முழுசா.

ஐயா, கேசட்டுக்கு வழி சொல்லுங்க.

ரேடியோக்கடை (தேவகோட்டை)

சொல்றேன் தம்பி. வெள்ளையா பூத்திருக்கிறது பூஞ்சை. மழைக்கால ஈரத்துல டேப்பு ஓரத்துல பிடிக்கும். அதை அப்படியே டெக்குல போட்டா முதல்ல டேப்பைப் படிக்கிற ஹெட்டுல அப்பிக்கும், படம் பனி மாதிரி ஆகும், அடுத்து அதே டெக்குல நல்ல கேசட்டைப் போட்டா அதுக்கும் ஒட்டிரும். ஒட்டிப்போன எடத்துல டேப்பு கிழிஞ்சா அதோட அந்த எடம் போச்சு.

அதனால முதல்ல பூத்ததைத் தனியா, பூக்காததைத் தனியா பிரிங்க. எல்லாத்தையும் பெட்டியிலேருந்து எடுத்து புத்தகம் மாதிரி நெட்டுக்குத்தலா நிப்பாட்டி, நிழல்ல காத்தோட்டமா வைங்க. வெயில்ல காய வைக்கவே கூடாது, பிளாஸ்டிக் நெளிஞ்சிரும், டேப்பும் கெட்டிரும். அரிசி டின்னுக்குள்ள போட்டு வைக்கச் சொல்லுவாக, வேணாம், அரிசித் தூசி கேசட்டுக்குள்ள பூந்துரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வாங்கி ஒரு டப்பாவுல கூட வச்சு மூடுங்க. அப்பறம் ஒவ்வொரு கேசட்டுக்கும் முதுகுப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைச்சு விட்ருங்க. அது இருந்தா கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்குனா பெரியப்பா எடுத்தது மேலயே பதிஞ்சிரும், உடைச்சிட்டா பதியாது. இதை இன்னைக்கே செய்யுங்க.

பூக்காத கேசட்டை மொதல்ல ஒரு தடவ முழுசா முன்னாடி ஓட்டி, மறுபடி முழுசா ரீவைண்ட் பண்ணணும். ரொம்ப வருஷமா ஒரே சுத்துல இறுகிக் கிடக்கும், அந்த இறுக்கம் எளகணும். அதுக்கப்பறம் பிளே. ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவுல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைக்கணும், அதுவும் பக்கவாட்டுலதான் துடைக்கணும், மேல கீழ தேய்ச்சா ஹெட்டு ஒடைஞ்சிரும். டெக்குலேருந்து ஏவி வயரு எடுத்து யூஎஸ்பி கேப்சர் கருவி வழியா கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகலாம், 720க்கு 576ன்னு வைங்க, பால் சிஸ்டத்துக்கு அதுதான் அளவு. ஓடுற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் உக்காரணும், 180 நிமிஷ கேசட்டுன்னா மூணு மணி நேரம், அவசரப்படுத்த முடியாது. பதிஞ்சதை ரெண்டு எடத்துல காப்பி வச்சுக்கங்க.

பூத்தது மட்டும் என்கிட்ட கொண்டாங்க. கேசட்டைப் பிரிச்சு, ரீலைத் தனியா எடுத்து, மெதுவா துடைச்சு வேற கூட்டுக்குள்ள மாத்தணும், பழகுன கைதான் செய்யணும். எல்லாம் வரும்னு உறுதி சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல வரும்னு நம்பிக்கை இருக்கு. அதுக்குன்னே ஒரு பழைய டெக்கை ஓட்டத்துல வச்சிருக்கேன். "பாதி"ன்னு எழுதிருக்க கேசட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, கரண்டு போயிருந்தா படம் சட்டுன்னு நின்னிருக்கும், டேப்பு தீந்திருந்தா கடைசி வரைக்கும் பதிஞ்சிருக்கும், ஓட்டிப் பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும். ஞாயித்துக்கிழமை கடை லீவு, மத்த நாள்ல காலைல பத்து மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் வாங்க.